அலகின் நீளம்

அவரிடம் நான் முதன்முதலாகக் கேட்டது, "நான் செத்துப் போயிடுவேனா மேடம்?" என்பது. அவர் முதன்முதலாகச் சொன்ன பதில், "தெரியாதுங்க. கையை நீட்டுங்க."

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மூன்று நாள் காய்ச்சல். கைபேசியில் தேடித் தேடி, எனக்கு வந்திருக்கக்கூடிய பதினோரு வியாதிகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பதினொன்றிலும் ஆள் தேறுவதில்லை. தொழில் ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிப்பது. காதுகுத்து, பௌர்ணமிக்கு வரும் பக்தர்களை வருக வருக, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே எந்திரத்தில்தான் ஓடும். எனக்கான அஞ்சலி பேனருக்கு எந்தப் படம் எடுப்பாக இருக்கும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுத்தான் ரத்தப் பரிசோதனைக்கே போனேன். ஊசியைக் கண்டதும் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அது மயக்கமில்லை, தரை குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"டெங்குவா இருக்காதுதானே மேடம்?"

"தெரியாதுங்க."

"உங்க அனுபவத்துல, ஆளைப் பார்த்து ஒரு குத்துமதிப்பா சொல்லுங்களேன்."

"ஆளைப் பார்த்தா பயந்தவர்னு தெரியுது. மத்ததுக்கு ரத்தத்தைப் பார்க்கணும்."

சாயங்காலம் தாளை நீட்டினார். டெங்கு இல்லை. ஆனால் நான் கேட்காத சர்க்கரை, நான் கேட்காத அளவுக்கு இருந்தது.

அவர் அந்தத் தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் டெக்னீஷியன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சுடிதாருக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை, கயிறு கட்டிய கண்ணாடி, குதிகால் தேய்ந்த செருப்பு. இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பெயர் போடும் விஷயத்தில் அவர் என்னை ஒருமுறை நம்பினார். அதுவே ஜாஸ்தி.

அவரைப் பற்றித் தெருவில் ஒரு கதை உண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் தன் பெண்ணுக்கு ஒரு வரன் பார்த்தார். பையன் அந்தக் கூடத்தில் ரத்தம் கொடுத்தவன் என்று தெரிந்ததும் ஓடிவந்து, "ஏம்மா, பையன் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். இவர் யோசித்துவிட்டு, "ஓ பாசிட்டிவ்" என்றாராம்.

"அது இல்லம்மா, குணம் எப்படின்னு கேட்டேன்."

"அதை நான் பார்க்கலீங்க."

கேலிக்காகச் சொன்னதில்லை. பார்த்ததைச் சொல்வார், பார்க்காததைச் சொல்லமாட்டார். மேகம் கறுத்து நிற்கும்போது மழை வருமா என்று கேட்டால், "மேகம் இருக்கு" என்பார். இப்படிப்பட்டவரோடு பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் யாருக்கும் தலைவலி வரும். எனக்கு வரவில்லை. உலகத்தில் எல்லோரும் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் ஒருவரையும் நான் நம்பியதில்லை. இவர் தெரியாது என்றார். நம்பினேன்.

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை பஸ்ஸில் போய் அங்கே நடப்பது என்று நான் ஒரு சமரசம் செய்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாதையிலிருந்து உள்ளே தள்ளி, முள்காட்டுக்குள் இவர் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். பாம்பு கடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உதவிக்கு ஓடவேண்டியவன் எதிர்ப்பக்கம் பத்தடி ஓடிவிட்டு, பிறகு திரும்பி வந்தேன்.

"சத்தம் போடாதீங்க பேனர்காரரே" என்றார். கழுத்தில் பைனாகுலர். அதன் வார் அறுந்துபோய், பழைய கைப்பையின் வாரைத் தைத்திருந்தார். "இடுனா."

இடுனா என்பது ஒரு குருவிப் பேரினத்தின் பெயர். கதிர்க்குருவி மாதிரி இருக்கும் சின்னப் பாடும் பறவைகள். உலகம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பேரினத்தில் உள்ள வகைகள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். டாக்டர் என்னை விடச் சொன்ன இரண்டு ஸ்பூன் சர்க்கரை எவ்வளவு எடையோ, அவ்வளவுதான் ஒரு குருவி. அது கஜகஸ்தான் பக்கத்திலிருந்து கிளம்பி, மலை பாலைவனம் எல்லாம் கடந்து, ஐப்பசி வாக்கில் இந்த முள்காட்டுக்கு வந்து சேர்கிறது. பங்குனியில் திரும்புகிறது. நான் ஊர் ஓரத்து வேங்கிக்கால் தாண்டிப் போவதற்கே தண்ணீர் பாட்டில், மாத்திரை, மாற்று மாத்திரை எடுத்துக்கொள்கிறவன்.

பார்க்க ஒன்றுமே இல்லாத பறவை. மண் நிறம். முள்ளுக்குள் உட்கார்ந்துகொண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல 'டக், டக்' என்னும். நம் பக்கம் வரக்கூடியவை இரண்டு வகை. ஒன்றுக்கு அலகு குட்டை, இன்னொன்றுக்கு அலகு கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்றால், ஓர் அரிசியின் மூக்கு உடைந்திருக்கிறதா இல்லையா என்கிற கொஞ்சம். குட்டை அலகு வழக்கமாக வருவது; அதை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். நீள அலகை இந்த மாவட்டத்தில் யாரும் பார்த்துச் சொன்னதாக அவருக்குத் தெரியவில்லை. முள்காட்டின் மேற்கு ஓரத்தில், ஒரு வெள்வேல மரத்தில் வருடா வருடம் வந்து உட்காரும் ஒரு குருவி மட்டும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. நான்கு குளிர்காலம் அதன் பின்னால் நடந்தோம். நான்கு குளிர்காலமும் அவர் நோட்டில் பென்சிலால் எழுதியது ஒரே வரிதான்: "இடுனா. எதுவென்று தெரியவில்லை."

"எனக்கு நீளமாத்தான் தெரியுதுக்கா." அதற்குள் மேடம் அக்கா ஆகியிருந்தார்.

"உங்களுக்கு எல்லாமே நீளமாத்தான் தெரியும். ஊசியே நீளமா தெரிஞ்சுதே."

"ஒரு தடவை நீளம்னு போட்டுட்டாத்தான் என்ன? யாரு வந்து கேட்கப் போறா?"

பைனாகுலரை இறக்கினார். அன்றுதான், நான் கேட்காமலே, அந்தக் கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் ஊரில் நடந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், விட்டுவிட்டு வரும் காய்ச்சல். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலிலேயே நின்றிருக்கிறார்.

"மலேரியாவுக்கு எடுத்த ரத்தம். பாதி சிலைடுதான் பார்த்திருந்தேன். ஒண்ணும் இல்லை. அவரு கெஞ்சினாரு. ஒண்ணும் இருக்காது, நீங்க போங்கன்னுட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள் மீதிப் பாதியைப் பார்த்தேன்."

"அதுல?"

"இருந்துச்சு."

"அவரு?"

அவர் பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. என் மனைவி வீட்டில் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாவது வருடம் அந்த முள்காட்டை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்தது. நிலத்துக்காரர் வெளியூர். பௌர்ணமிக்கு வரும் பஸ்களும் வேன்களும் நிறுத்த இடம் போட அனுமதி கேட்டிருந்தார். அவர் பட்டா, அவர் இஷ்டம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நான் மனு எழுதினேன். பேனர்காரன் எழுதிய மனு எப்படி இருக்கும்? "அலைகடலெனத் திரண்டு வரும் பறவைகள்" என்று தொடங்கியிருந்தேன். அக்கா அந்த வரியை அடித்துவிட்டு, "சில பறவைகள் வருகின்றன" என்று மாற்றினார்.

வேங்கிக்கால் பக்கம் ஓர் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி நிதானமான மனிதர். முதல் நாளே உடைத்துச் சொன்னார்.

"நான் நேராவே சொல்லிடறேங்க. சும்மா குருவி இருக்குன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. குருவி எங்க வீட்டு மாடியிலயும் இருக்கு. இந்த மாவட்டத்துல வேற எங்கயும் பார்க்காதது ஒண்ணு இங்க இருக்குன்னு நீங்க உறுதியா எழுதிக் குடுத்தா, அனுமதியை நிறுத்தி வெச்சு மேல எழுதுவேன். அடுத்த வாரம் லிஸ்ட் கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் நான் குதிக்காத குறை. "அக்கா, நம்ம ஆளு இருக்கான்! நீள அலகு!"

"தெரியலைன்னுதானே எழுதி வெச்சிருக்கோம்."

"நாலு வருஷமா பார்க்கறோம்!"

"நாலு வருஷமா தெரியலை."

அந்த வாரம் முழுக்க விடிகாலையில் போனோம். நான் கைபேசியில் அந்தக் குருவியின் குரலை ஓடவிட்டு வெளியே இழுக்கலாம் என்றேன். இரையை விட்டுவிட்டு அது எதிரியைத் தேடி அலையும், வேண்டாம் என்றார். கடைசி நாள் ஒரே ஒரு முறை, கிளை நுனியில், ஒரு மூச்சு நேரம் வெளியே வந்தது.

"பார்த்தீங்களாக்கா? நீளம்தானே?"

"நீளமா தெரிஞ்சுச்சு. ஆனா வெயிலு பின்னாடி இருந்துச்சு. வெயில்ல எல்லாம் நீண்டு தெரியும்." நோட்டில் எழுதினார். அதே வரிதான். அந்தக் காடு என்னைவிட அவருக்குத்தான் வேண்டும். எனக்கு அது சர்க்கரைக்கு நடக்கும் இடம். அவருக்கு அது, வாரத்தில் ஒரு காலை யாரும் கையை நீட்டிக்கொண்டு எதிரே உட்காராத இடம்.

நோட்டை என்னிடம் கொடுத்தார். "பார்த்து டைப் பண்ணுங்க. இருக்கறதை மட்டும்."

கடையில் உட்கார்ந்து அடித்தேன். இரண்டு பக்கப் பட்டியல். மைனா, செம்போத்து, தையல்சிட்டு, குட்டை அலகு இடுனா. கடைசியில் அந்த வரி வந்தது: எதுவென்று தெரியவில்லை. இருபது வருடமாக இந்த ஊரில் அடிக்கிறேன். வார்டுக்குள்ளேயே முகம் தெரியாதவரை வருங்கால முதல்வர் என்று அடித்திருக்கிறேன். அழாதவர்கள் பெயரைக் கண்ணீர் சிந்துவோர் பட்டியலில் போட்டிருக்கிறேன். ஒரு குருவிக்கு ஒரு மில்லிமீட்டர் மூக்கை நீட்டுவது எனக்கு ஒரு வேலையா? "நீள அலகு இடுனா. உறுதி." அடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கடை ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருந்தேன். கதவு தட்டினால் போலீஸ். கைபேசி அடித்தால் அக்கா. பாவத்தைக் கழிக்கக் கிரிவலம் போகலாம் என்று கிளம்பி, எட்டில் இரண்டாவதான அக்னி லிங்கம் வரை நடந்து, மூச்சு வாங்குகிறது என்று ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். சாமியும் சிரித்திருக்கும்.

விசாரணையன்று பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, நேராக அதிகாரி மேசையில் வைத்தேன். அக்கா பார்க்க நேரமில்லாமல் கடைசி நிமிடத்தில் போய்ச் சேர்ந்ததும் என் ஏற்பாடுதான். அதிகாரி நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் விரலை வைத்தார். நிலத்துக்காரர் சார்பில் வந்த வக்கீலின் முகம் மாறியது.

"இதுதான் முக்கியம். நீள அலகு. இதை நீங்களே பார்த்து உறுதி பண்ணீங்களாம்மா?"

"காட்டுங்க" என்றார் அக்கா. வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படித்தார். அந்த ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; கிளம்பவில்லை. ஆமாம் என்று ஒரு சொல். தலையை ஆட்டினாலே போதும். நான் அண்ணாமலையாரை, அம்மனை, பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையாரை என்று அவசரத்துக்குக் கிடைத்த எல்லோரையும் கூப்பிட்டேன்.

"இந்தக் கடைசி வரி நான் எழுதினது இல்லீங்க" என்றார்.

வக்கீல் எழுந்துவிட்டார். "அப்போ யாரும்மா எழுதினது?"

இந்த இடத்தில் ஒரு மனிதன், 'நான்தான் ஐயா' என்று எழுந்து நின்றிருப்பான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கைகள். எண்ணிச் சரிபார்த்தேன்.

"யாரும்மா?" என்று அதிகாரியும் கேட்டார்.

"யார் எழுதினதுன்னு நான் பார்க்கலீங்க. பார்க்காததைச் சொல்றதில்லை. மத்ததெல்லாம் நான் பார்த்தது."

"ஒண்ணு பொய்யின்னா மத்தது மட்டும் எப்படிம்மா நம்பறது?" என்றார் வக்கீல். அதிகாரி செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. கோப்பைக் கட்டினார்.

வாசலில், வண்டிகள் நிற்கும் இடத்தில், திட்டு வாங்கத் தயாராக நின்றேன். செருப்பால் அடித்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கா, அது வந்து..."

"நான் கேட்கலையே."

"இல்லக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"என்னை லேப்ல விட்டுடறீங்களா? பேஷன்ட் உட்கார்ந்திருப்பாங்க."

பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, "சர்க்கரை பார்த்து மூணு மாசம் ஆச்சு. வெறும் வயித்துல வாங்க" என்றார். போனேன். ஊசி குத்தினார். வலிக்கவில்லை. எப்போதும் போலவே குத்தினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாசியில் மரம் பிடுங்கும் எந்திரம் வந்தது. மூன்று நாளில் முள்காடு, தரை. பிடுங்கிய முள்ளையெல்லாம் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் குவித்து, காயட்டும் என்று விட்டுவைத்தார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. நானும் போனேன், வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வெட்டவெளியில் நின்று அவர் அந்தக் குவியலையே கவனித்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து, கூழாங்கல்லைத் தட்டுவது போல, 'டக்.'

பங்குனி வரை அதற்குப் போக வேறு இடமில்லை. சுற்றிலும் மிச்சமிருந்த முள் அது ஒன்றுதான்.

காவலாளியிடம் போனார். அவர் அடி அண்ணாமலைக்காரர், நல்ல மனிதர். "அண்ணே, இதுக்குள்ள குருவி அடையுது. கொளுத்தறதா இருந்தா நல்லா விடிஞ்சப்புறம், ஒரு கட்டையால தட்டிட்டுக் கொளுத்துங்க. எந்திரிச்சுப் போயிடும்."

"அதுக்கென்னம்மா, செஞ்சுடலாம்."

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது குவியல் இல்லை. சாம்பல் இருந்தது, நடுவில் இன்னும் புகைந்துகொண்டு. காவலாளி எங்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"பௌர்ணமிக் கூட்டம் வர்றதுக்குள்ள புகை அடங்கணும்னு சொல்லிட்டாங்கம்மா. இருட்டோடயே வெச்சுட்டோம். தட்டறதுக்கு மறந்துட்டேன்."

அக்கா சாம்பலின் ஓரமாக ஒரு சுற்று நடந்தார். மேற்குப் பக்கம் குனிந்தார். எரியாத குச்சிகளுக்கு நடுவில் அந்தக் குருவி கிடந்தது. வால் கருகியிருந்தது. இறகு ஒரு பக்கம் சுருண்டிருந்தது. தலையும் அலகும் முழுசாக இருந்தன. புகையில் மூச்சு முட்டித்தான் விழுந்திருக்க வேண்டும். உள்ளங்கையில் எடுத்து வைத்தார். இவ்வளவு கிட்டத்தில் நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. இலை மறைக்கவில்லை, வெயில் பின்னால் இல்லை, பறக்கவும் இல்லை. இத்தனை வருடமாகத் தராத அவகாசத்தை இப்போது தாராளமாகத் தந்தது.

பையிலிருந்து ஆறங்குல பிளாஸ்டிக் ஸ்கேலையும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்தார். அலகின் நுனியிலிருந்து மண்டை தொடங்கும் இடம் வரை அளந்தார். ஊதி, துடைத்து, மறுபடி அளந்தார். மூன்றாவது முறையும் அளந்தார். நோட்டைத் திறந்து எழுதினார். மூடினார்.

குட்டை என்றால் நான் எழுதியது பொய், அந்தப் பொய்யால்தான் மற்றதும் போனது. நீளம் என்றால் நான் எழுதியது உண்மை, அதற்கு அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. எது வந்தாலும் யாரோ ஒருவர் கையில் சாம்பல். இரண்டில் எது எனக்கு வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"குட்டையா, நீளமாக்கா?"

ஸ்கேலைத் துடைத்துப் பையில் போட்டார்.

"சொல்லுங்கக்கா. இப்பத்தான் தெரிஞ்சுடுச்சே."

"உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். குரலில் கோபமே இல்லை. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க என்று சொல்லும் அதே குரல். "நீங்கதான் அப்பவே எழுதிட்டீங்களே."

ரத்த மாதிரி அனுப்பும் டப்பா ஒன்றை எடுத்து, அடியில் பஞ்சு வைத்து, குருவியைக் கிடத்தி, மூடியைத் திருகினார். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தேதி எழுதினார். இடம் எழுதினார். பெயர் என்ற கோட்டுக்கு வந்ததும், பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குத் தெரியாமல் எழுதுகிற பிள்ளையைப் போல, எந்தக் குருவி என்பதை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.